கப்பலில் வந்தவர்களுக்கு ஒரு பகல் சென்னை: டாக்சி பாதி, நடை பாதி

சென்னைத் துறைமுகத்தில் இறங்கி ஒரே பகலில் ஊர் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தூரத்தில் இருப்பதைக் காலையிலேயே டாக்சியில் முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல், துறைமுகத்துக்கு எதிரிலேயே கிடக்கும் ஜார்ஜ் டவுனை நடந்து பாருங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பூட்டிய கோயிலையும் அண்ணா சாலை நெரிசலையும் பார்த்துத் திரும்புகிறார்கள்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ரிட்டயர் ஆகும்வரை குப்பை கொட்டியவன் நான். ஜனவரியில் பினாங்கிலிருந்து சித்தப்பா மகள் செல்வியும் மாப்பிள்ளையும் கப்பலில் வந்தார்கள். கப்பல்காரர்களே நடத்தும் டூர் மாமல்லபுரம். தலைக்கு இத்தனை டாலர் என்று செல்வி போனில் சொன்ன கணக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்சில் உட்காரவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டேன். "அப்ப நீங்களே கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றாள்.

துறைமுகத்துக்குள் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் இடம். கப்பலடியிலிருந்து வாசல்வரை பஸ்சில் கொண்டுவந்து விடுகிறார்கள். இவர்கள் இ-விசா எடுத்திருந்தார்கள். அதை ஏற்கும் இந்தியத் துறைமுகங்களில் சென்னையும் உண்டு. ஆனாலும் இமிகிரேஷன் வரிசையில் நேரம் போனது. எட்டு மணிக்குக் கட்டிய கப்பலிலிருந்து ஒன்பதரைக்குத்தான் வெளியே வந்தார்கள்.

வாசலில் நிற்கும் ஆட்டோக்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. மயிலாப்பூருக்கு எண்ணூறு என்றார் ஒருவர். 2013-இல் அரசு வைத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. அந்த ரேட்டுக்கு இன்று யாரும் வரமாட்டார்கள், அது நியாயமும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் நூற்றுச் சொச்சம் வரும் தூரத்துக்கு எண்ணூறா? ஆப்பில் வண்டி போட்டாலும் ராஜாஜி சாலையில் லாரிகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. நான் முதல் நாளே நாலு மணி நேரம், நாற்பது கிலோமீட்டர் என்று ஒரு டாக்சி பேசி வைத்திருந்தேன். டிரைவர் நல்ல பையன், ஹாரனில்தான் கை அதிகம். கணக்கு முடிக்கும்போது கம்பெனி பில்லில் "வெயிட்டிங்" என்று தனியாக ஒரு தொகை இருந்தது. மணிக்கணக்கில் எடுத்த வண்டிக்கு என்ன வெயிட்டிங்? போன் போட்டு சண்டை போட்ட பிறகு எடுத்தார்கள். பேசும்போதே வாட்சப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காமராஜர் சாலை வழியாகப் போகச் சொல்லுங்கள். அந்தச் சவாரியே பாதி டூர். மெரினாவில் இவ்வளவு மணல் சேர்ந்ததற்குக் காரணமே இவர்கள் இறங்கிய துறைமுகம்தான். தெற்கிலிருந்து வடக்கே கடல் தள்ளிக்கொண்டு போகும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே கரை அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. கட்டி முடிப்பதற்குள் 1881 புயலில் சுவர் சிதைந்து, திரும்பக் கட்டினார்கள். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல் தூரத்திலேயே நிற்கும், மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைசேர வேண்டும் என்றேன். "நல்லவேளை" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு அந்த பஸ்சே குலுக்கலாம்.

கபாலீசுவரர் கோயில் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடும். பதினொன்றுக்கு முன் உள்ளே போய்விட்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் அங்கங்கே தகரம் அடித்திருப்பதால் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு மாட வீதியில் நடக்க வேண்டியிருக்கும். கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்சில் காபி சாப்பிட்டோம். சாந்தோம் பேராலயத்தில் பதினைந்து நிமிஷம். டாக்சி வேலை அதோடு சரி.

வரும் வழியில் புனித ஜார்ஜ் கோட்டையில் இறங்கி வண்டியை அனுப்பிவிட்டோம். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் பை சோதனை உண்டு, அடையாள அட்டை வேண்டும். உச்சி வெயிலுக்குக் கோட்டை மியூசியம் நல்ல இடம். 1680-இல் திறந்த புனித மரியாள் ஆலயமும் அதே வளாகம்தான்.

அங்கிருந்து நடை. உயர் நீதிமன்றத்தின் பெரிய கோபுரம் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது என்று சொன்னால் கப்பலில் வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். வளாகத்தின் கிழக்குச் சுவரில் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டதற்கான கல்வெட்டு இருக்கிறது. தினமும் அந்தப் பக்கம் போகிறவர்களில் பாதிப்பேர் பார்த்திருக்கமாட்டார்கள். பாரிமுனையைக் கடந்து அரண்மனைக்காரன் தெரு. பெயர்ப்பலகையில் ஆர்மீனியன் தெரு என்று இருக்கும். 1772-இல் கட்டிய ஆர்மீனியன் சர்ச்சின் முற்றத்தில் பழைய கல்லறைக் கற்கள் தரையோடு பதிந்து கிடக்கின்றன. வெளியே ஜெராக்ஸ் கடைச் சத்தம், உள்ளே நம் காலடி நமக்கே கேட்கும். செல்வி அங்கிருந்து எழுந்திருக்கவே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து பர்மா பஜார். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக வந்த கடைவீதி. சாமான் வாங்கச் சொல்லமாட்டேன். போக வேண்டியது பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகளுக்கு. மஞ்சள் நூடுல்ஸ், பொடியாக அரிந்த கோஸ், வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், எல்லாம் ஒரு கிண்ணத்தில் விழும்; கடைக்காரர் கையாலேயே பிசைந்து, பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டு நீட்டுவார். பக்கத்தில் மொய்ங்கா என்கிற வாழைத்தண்டு சூப் ஆவி பறக்கும். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டெண்ணெயும் திணித்துத் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை போச்சு. கையால் பிசைகிறார்களே என்று மாப்பிள்ளை முதலில் தயங்கினார். மூன்றாவது முட்டைக்கு அவரே கை நீட்டினார். பினாங்கு தெருக்கடைகளில் வளர்ந்த செல்விக்கு எந்தத் தயக்கமும் இல்லை. "எங்க ஊர்ல இது கிடையாதுண்ணே" என்று காரத்தில் மூக்கை உறிஞ்சியபடி இன்னொரு தட்டு கேட்டாள்.

வயிறு எளிதில் கலங்குகிறவர்கள் சூடான மொய்ங்காவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கப்பலுக்குக் கடைசி நேரம் ஆறு மணி. அத்தோ வண்டியிலிருந்து துறைமுக வாசல் நடக்கிற தூரம்தான், சிக்னல், நெரிசல் என்று எந்தப் பதற்றமும் இல்லை. சொந்தமாகச் சுற்றுகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாஸ்போர்ட்டும் கப்பல் அட்டையும் வாசலில் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குக் கோட்டை மியூசியம் விடுமுறை, எழும்பூர் மியூசியமும் அன்றைக்கே விடுமுறை. சாந்தோமில் கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்துவிடுங்கள். செவ்வாயன்று அந்தோணியார் கோயில் கூட்டத்தில் அரண்மனைக்காரன் தெரு நிறைந்து வழியும். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் பாதிக் கடை மூடியிருக்கும், நடக்க அதைவிட நல்ல நாள் இல்லை.