யார்க்கில் ஒரே நாள்தான் என்றால்: மதிலா, மின்ஸ்டரா, கிளிஃபர்ட் கோபுரமா?

லண்டனிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரத்தில், வட இங்கிலாந்தின் பழைய நகரமான யார்க் வந்துவிடும். காலையில் இறங்கி மாலையில் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் மின்ஸ்டர் பேராலயத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஷாம்பிள்ஸ் தெருவில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நகரைச் சுற்றியுள்ள பழைய மதிலின் மேல் நடக்கக் காசே கிடையாது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர், நடுநடுவே அறுந்திருக்கும், நிதானமாகச் சுற்ற 2 மணி நேரம் ஆகும். ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: யார்க்கில் கோட்டை வாசலுக்குப் பெயர் 'பார்', 'கேட்' என்று முடிந்தால் அது தெரு, வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். நேரம் குறைவா? பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரை மட்டும் நடங்கள், மரங்களுக்கு மேலே மின்ஸ்டர் முழுசாகத் தெரியும். 1460இல், அரியணைக்கு உரிமை கோரிப் போரில் இறந்த யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் குத்தி வைத்த மிக்கிள்கேட் பார் இதற்கு எதிர்ப்பக்கம். சில இடங்களில் உட்புறம் தடுப்பு இல்லை, அதனால் சின்னக் குழந்தைகளைக் கையை விடாமல் கூட்டிப் போங்கள். இருட்டியதும் மூடிவிடுவார்கள்.

மின்ஸ்டருக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் செய்த கிழக்கு ஜன்னல் கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் மைதானம் அளவு. உலகம் பிறந்ததும் முடியப்போவதும் அந்த வண்ணக் கண்ணாடியில் இருக்கின்றன, கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்கலாம். 2018 வரை பத்தாண்டு பழுதுபார்த்தார்கள். ஆனால் அவசரப்பட்டு நடுக்கோபுரத்தின் 275 படி ஏறுவதற்கு முன் நிலவறைக்கு இறங்குங்கள். 1960களில் நடுக்கோபுரம் சரியும் நிலைக்கு வந்தபோது அடித்தளத்தைத் தோண்ட, ரோமர் கோட்டையின் சுவர்கள் கிடைத்தன, அவற்றை அங்கேயே பார்க்கலாம்.

மேட்டின் மேல் நிற்கும் பழைய கோட்டைக் கோபுரமான கிளிஃபர்ட் கோபுரத்தை வெறும் காட்சி மாடமாக நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். 2022இல் போட்ட மேல்தளம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உயரத்துக்கு மின்ஸ்டர் கோபுரம்தான். இந்த இடத்தின் கனம் வேறு. 1190 மார்ச்சில் கலகக் கும்பலுக்குப் பயந்து நகரத்து யூதர்கள், சுமார் 150 பேர், இந்த மேட்டின் மேலிருந்த மரக் கோட்டையில் ஒதுங்கினார்கள். பலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள், உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களைக் கொன்றார்கள். அதோடு நிற்கவில்லை, கும்பல் நேரே பேராலயத்துக்குப் போய் அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது, யூதர்களிடம் கடன்பட்டிருந்தவர்கள் அந்தக் கும்பலில் இருந்தார்கள். இப்போதுள்ள கல் கோபுரமும் இப்போதுள்ள மின்ஸ்டரும் அதற்குப் பிறகு கட்டியவை. மேடு மட்டும் அதே மேடு, அடிவாரத்தில் நினைவுக் கல் இருக்கிறது, அதைப் படிக்க டிக்கெட் வேண்டாம்.

ஷாம்பிள்ஸ் பழைய கசாப்புக்காரர் தெரு. கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன, பத்து நிமிஷம் போதும், கூட்டம் சேர்வதற்குள் போய்விடுங்கள்.

ஆக, ஒரே ஒரு டிக்கெட் என்றால் மின்ஸ்டர்தான். ஆனால் முதலில் அந்த மேட்டடியில் போய் நின்றுவிட்டு, அப்புறம் மின்ஸ்டருக்குள் நுழையுங்கள், மதிலை வெயில் சாயும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.