சிஇஓ-வோட விக்கிபீடியா பக்கத்துல தப்பு: நாமளே எடிட் பண்றதா, டாக் பேஜ்ல கேக்குறதா, ஏஜென்சியா, கோர்ட்டா?

ஒரு கம்பெனி எம்டி-யப் பத்தி இங்கிலீஷ் விக்கிபீடியால பக்கம் இருக்கு. அதுல படிச்ச காலேஜ் தப்பு, எப்பவோ தள்ளுபடி ஆன கேஸ் இன்னும் நடந்துட்டு இருக்குற மாதிரி ஒரு வரி, போட்டோ ஏதோ கருத்தரங்குல பின்வரிசைல இருந்து எடுத்தது. கம்யூனிகேஷன்ஸ் டீம்ல இருக்குற ஒருத்தருக்கு "இத இன்னைக்கே சரி பண்ணிடுங்க"ன்னு மேல இருந்து மெசேஜ் வருது. அவர் முன்னாடி இருக்குற வழிகள ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாக்கலாம்னுதான் இத எழுதறேன். என் கருத்த முன்னாடியே சொல்லிடறேன், யாருக்காக வேலை பாக்குறோம்னு வெளிப்படையா அறிவிச்சிட்டு டாக் பேஜ்ல (ஒவ்வொரு கட்டுரையோடவும் சேந்து இருக்குற விவாதப் பக்கம்) துண்டு துண்டா கேக்குற வழிதான் மாத்தினது மாத்தினபடி நிக்கிற வழி, மத்ததுல வேகம் கிடைக்கலாம் ஆனா தங்காது, சில சமயம் இருந்ததவிட மோசமாயிடும்.

முதல்ல எல்லாருக்கும் தோணுறது, எடிட் பட்டன் அங்கயே இருக்கே, நாமளே மாத்திடலாம்ங்கறது. ரெண்டு நிமிஷ வேலை. ஆனா விக்கிபீடியால ஒவ்வொரு மாற்றமும் யார் பண்ணது, எப்ப பண்ணதுன்னு ஹிஸ்டரில நிரந்தரமா உக்காந்திருக்கும். விக்கிபீடியாவ ஆரம்பிச்ச ஜிம்மி வேல்ஸ் 2005-ல தன்னோட சொந்தப் பக்கத்துல லாரி சாங்கர் இணை நிறுவனர்ங்கற மாதிரி இருந்த வரிகள மாத்தினார், அது வெளிய வந்து செய்தி ஆச்சு, நிறுவனருக்கே அதுதான் நிலமை. அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் மார்ட்டி மீஹன் ஆபீஸ்ல இருந்தவங்க அவர் பக்கத்த எடுத்துட்டு தாங்களே எழுதின வாழ்க்கைக் குறிப்பப் போட்டாங்க, இத்தன தடவைக்கு மேல தேர்தல்ல நிக்க மாட்டேன்னு அவர் கொடுத்த பழைய வாக்குறுதி அதுல காணாம போச்சு, 2006 ஜனவரில ஒரு உள்ளூர் பேப்பர் அதக் கண்டுபிடிச்சு எழுதினப்ப அந்த வாக்குறுதி நாடு முழுக்க தெரிஞ்சு போச்சு. அடுத்த வருஷமே வர்ஜில் கிரிஃபித் விக்கிஸ்கேனர்னு ஒரு டூல் விட்டார், லாகின் பண்ணாம எந்த கம்பெனி நெட்வொர்க்ல இருந்து எந்தப் பக்கத்த மாத்தினாங்கன்னு யார் வேணாலும் தேடிப் பாக்கலாம்னு ஆச்சு.

அதுக்காக நேரடி எடிட் முழுசா தடைன்னு நினைக்க வேண்டாம், இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. நலன் முரண் இருக்குறவங்க, அதாவது எழுதுற விஷயத்துல சொந்த ஆதாயம் இருக்குறவங்க, நேரா எடிட் பண்றத விக்கிபீடியா வழிகாட்டி ரொம்ப அழுத்தமா வேண்டாம்னு சொல்லுது, அவ்வளவுதான். எழுத்துப்பிழை, யாரோ வந்து கெட்ட வார்த்தை எழுதிட்டுப் போனது, ஆதாரமே இல்லாத அவதூறு, இதையெல்லாம் நீங்களே எடுக்கலாம். 2005 மே மாசம் ஜான் சீகந்தாலர்ங்கற மூத்த பத்திரிகையாளர் பக்கத்துல அவருக்கு கென்னடி கொலைகள்ல தொடர்பு இருக்கலாம்னு யாரோ முழுப் பொய் எழுதிட்டாங்க, நாலு மாசத்துக்கு மேல யாருமே கவனிக்கல. அவர் யுஎஸ்ஏ டுடேல எழுதின பிறகு வந்த அதிர்ச்சிலதான் வாழும் நபர்கள் பத்தின விதி இறுகிச்சு. ஒரே பக்கத்துல 24 மணி நேரத்துக்குள்ள மூணு தடவைக்கு மேல ரிவர்ட் (மத்தவங்க மாத்தினத பழையபடி திருப்புறது) பண்ணக் கூடாதுங்கற விதிகூட இந்த மாதிரி அப்பட்டமான விஷயத்துல தளரும். அதனால உங்க எம்டி-யப் பத்தி ஆதாரம் இல்லாம கொலைகாரன்னு எழுதியிருந்தா க்யூல நிக்காதீங்க, எடுத்துட்டு, ஏன் எடுத்தேன்னு எடிட் சம்மரில எழுதிட்டு, வாழும் நபர்கள் நோட்டீஸ்போர்டுல சொல்லிடுங்க. ஆனா பேப்பர்ல வந்த விமர்சனம் பிடிக்கலங்கறது அவதூறு கணக்குல வராது.

இப்ப டாக் பேஜ் வழி. சொந்தமா ஒரு அக்கவுண்ட், கம்பெனி பேர்ல வேண்டாம், தனி மனுஷர் பேர்ல. யூசர் பேஜ்ல இன்ன கம்பெனிக்கு வேலை பாக்குறேன், அதுக்காகத்தான் எழுதறேன்னு அறிவிப்பு. இது மரியாதைக்காக பண்றது இல்ல, 2014 ஜூன்ல இருந்து, விக்கிபீடியாவ நடத்துற விக்கிமீடியா அமைப்போட பயன்பாட்டு விதிலயே கட்டாயம். எனக்கு விக்கிபீடியாக்குன்னு தனியா காசு தரல, மாசச் சம்பளம்தானே வாங்கறேன்னு சொல்றவங்க உண்டு, அதுவும் சேரும், இன்டர்னுக்கும் சேரும். அப்புறம் அந்தப் பக்கத்தோட டாக் பேஜ்ல எடிட் ரிக்வஸ்ட் டெம்ப்ளேட் (திருத்தம் வேணும்னு தெரியப்படுத்துற ரெடிமேட் குறிப்பு) போட்டு கேக்கணும்.

எப்படிக் கேக்குறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. இந்த வரிய எடுங்க, இந்த வரியப் போடுங்க, காரணம் இது, ஆதாரம் இது, அவ்வளவுதான். அங்க பதில் சொல்றவங்க சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து பாக்குறவங்க, அவங்ககிட்ட போய் மொத்தப் பக்கத்தையும் மாத்தி எழுதி ஒரு டிராஃப்ட கொட்டினா யார் தொடுவாங்க? மாசக்கணக்குல அப்படியே கிடக்கும். காலேஜ் பேர் தப்பு, இதோ ஆதாரம்னு ரெண்டே வரில கேட்டா யாராவது ஒருத்தர் கையோட முடிச்சிடுவார். அறிவிச்சிட்டுதான் பண்றேன்னாலும் ஆளுங்கள விடாம நச்சரிக்கக் கூடாது, 2019-ல ஹஃப்போஸ்ட் எழுதின ஒரு செய்தி முழுக்க அதுதான், பெரிய கம்பெனிகளுக்காக ஒரு ஆலோசகர் விதிப்படி அறிவிச்சே பக்கம் பக்கமா வாதாடி மாத்த வச்சார்னு. விதிய மீறலன்னாலும் செய்தியானது கம்பெனிகளோட பேர்தான்.

இன்னொண்ணு, தப்பு எங்க பிறந்துச்சுன்னு முதல்ல பாருங்க. விக்கிபீடியா வெளிய அச்சான ஆதாரத்ததான் எடுத்து எழுதும், பேப்பர்ல காலேஜ் தப்பா வந்திருந்தா பேப்பர்ல திருத்தம் போட வைக்காம விக்கிபீடியால சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல. எழுத்தாளர் ஃபிலிப் ராத் 2012-ல தன்னோட நாவலுக்கு யார் தூண்டுதல்ங்கறத திருத்தச் சொன்னப்ப, எழுதினவர் நீங்களா இருந்தாலும் வேற ஆதாரம் வேணும்னு பதில் வந்துச்சு, அவர் நியூயார்க்கர்ல பகிரங்கக் கடிதம் எழுதினார், பக்கம் திருத்தப்பட்டுச்சு. கேக்க அநியாயமா இருக்கும், ஆனா நான்தான் அவர்னு சொல்ற எல்லாரையும் நம்பினா அந்தத் தளம் ஒரு வாரம் தாங்காது. பிறந்த தேதி, படிப்பு மாதிரி தற்பெருமை இல்லாத சாதாரண விவரத்துக்கு கம்பெனி வெப்சைட்டே ஆதாரமா போதும், அங்க சரியா போட்டுட்டு வாங்க.

தள்ளுபடி ஆன கேஸ்தான் கஷ்டமான விஷயம். கோர்ட் ஆர்டர் பிடிஎஃப்ப நீட்டினா வேலை ஆகாது, வாழும் நபர்கள் பத்தி எழுதும்போது கோர்ட் ஆவணத்த நேரடி ஆதாரமா வைக்கக் கூடாதுன்னு விதி. கேஸ் போட்டப்ப செய்தி போட்ட அதே பத்திரிகைக்கு முடிவையும் போடச் சொல்லி எழுதுங்க, அதுக்கு அவங்க கடமைப்பட்டவங்கன்னே நான் நினைக்கிறேன். அந்தச் செய்தி கையில வந்த பிறகு, கேஸ் வரிய எடுங்கன்னு கேக்காதீங்க, முடிவச் சேருங்கன்னு கேளுங்க. எடுக்கச் சொல்றவங்கள சந்தேகப்படுவாங்க, முடிவச் சேக்கச் சொன்னா மறுக்க காரணம் இருக்காது, படிக்கிறவங்களுக்கும் முழுக்கதை கிடைக்கும்.

ஏஜென்சி கிட்ட குடுத்துடலாமே? ரெண்டு வகை இருக்காங்க. அறிவிச்சிட்டு வேலை பாக்குறவங்க நீங்க பண்ணக்கூடிய அதே டாக் பேஜ் வேலையத்தான் பண்ணுவாங்க, டெம்ப்ளேட் பழக்கம், எது செல்லும்ங்கற அனுபவம், அதுக்குத்தான் காசு, நேரம் இல்லாத கம்பெனிக்கு அது நியாயமான செலவு. 2014-ல பெரிய பிஆர் கம்பெனிகள் சில சேந்து விக்கிபீடியா விதிகள மதிப்போம்னு பொது அறிக்கையே விட்டாங்க. இன்னொரு வகை, கேரண்டியா பக்கத்த மாத்தித் தர்றோம், எங்களுக்கு உள்ள ஆள் இருக்குன்னு சொல்றவங்க. விக்கி-பிஆர்னு ஒரு கம்பெனி போலி அக்கவுண்டுகள வச்சு ஓட்டினது 2013-ல அம்பலமாகி 250-க்கு மேல அக்கவுண்ட் முடக்கப்பட்டுச்சு. 2015-ல ஆரஞ்ச்மூடின்னு பேர் வச்ச விசாரணைல 381 அக்கவுண்டுகள், அதுல இன்னும் கொடுமை, ஏற்கனவே நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளத் தேடிப் பிடிச்சு சம்பந்தப்பட்ட ஆளுங்ககிட்டயே காசு வாங்கிப் போட்டாங்க, அப்புறம் அத பாதுகாக்குறோம்னும் பணம் கேட்டாங்க. பிடிபட்டதும் 200-க்கு மேல கட்டுரைகள அழிச்சாங்க. காசு கொடுத்தவங்களுக்கு பணமும் போச்சு, பக்கமும் போச்சு. கேரண்டின்னு சொன்ன உடனே போன வச்சிடுங்க.

விக்கிமீடியா தன்னார்வலர் குழுவுக்கு மெயில் போடுற வழியும் இருக்கு. வெளிப்படையா பேச முடியாத விஷயம், வீட்டு விலாசம் வெளிய வந்துடுச்சு, குழந்தைகள் பேர் இருக்கு, இந்த மாதிரிக்கு இதுதான் சரி. சாதாரண திருத்தத்துக்கு அனுப்பினா பெரும்பாலும் டாக் பேஜுக்கே திருப்பி விடுவாங்க. போட்டோவுக்கும் இந்த மெயில்தான் உதவும், ஒரு நல்ல படத்த யார் வேணாலும் பயன்படுத்தலாம்ங்கற இலவச உரிமத்துல காமன்ஸ்ல (விக்கிபீடியா படங்கள வச்சிருக்குற தளம்) ஏத்தி, எடுத்த போட்டோகிராஃபர் கிட்ட இருந்து அனுமதி மெயில் அனுப்ப வச்சா போதும், எம்டி-யோட படம்ங்கறதால உரிமை எம்டி-க்கு வந்துடாது.

பக்கத்தையே அழிச்சிடுங்கன்னு கேக்கலாம், அவ்வளவா வெளிய தெரியாத ஆளா இருந்தா அவர் விருப்பத்தையும் கணக்குல எடுப்பாங்க. பெரிய கம்பெனி சிஇஓ-வுக்கு இது நடக்காது.

கடைசியா வக்கீல் நோட்டீஸ். உண்மையான அவதூறு, மத்த எல்லா வழியும் மூடிருச்சுன்னா அது அவங்க உரிமை. ஆனா காலேஜ் பேருக்கும் பிடிக்காத விமர்சனத்துக்கும் இத எடுத்தா என்ன ஆகும்னு பாருங்க. பிரெஞ்சு உளவுத்துறை 2013-ல ஒரு ராணுவ நிலையம் பத்தின கட்டுரைய ஒரு தன்னார்வலர மிரட்டி அழிக்க வச்சாங்க, கட்டுரை திரும்ப வந்து அந்த சமயத்துல பிரெஞ்சு விக்கிபீடியால அதிகம் படிக்கப்பட்ட பக்கமா ஆயிடுச்சு. இங்க ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னப் பத்தின பக்கத்துக்காக 2024-ல டெல்லி ஹைகோர்ட்ல 2 கோடி ரூபாய் கேட்டு கேஸ் போட்டாங்க, கேஸ் பத்தின கட்டுரையவே எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு, 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவ ரத்து பண்ணிடுச்சு. அதுவரைக்கும் அந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதவங்ககூட போய்ப் படிச்சாங்க. டாக் பேஜ்ல சட்டப்படி பாத்துக்குறோம்னு ஒரு வரி எழுதினாலே அந்த மிரட்டல வாபஸ் வாங்குற வரைக்கும் உங்க அக்கவுண்ட முடக்கிடுவாங்க, அதோட பேச்சுவார்த்தை முடிஞ்சுது.

தமிழ் விக்கிபீடியாவுலயும் அதே எம்டி-க்கு பக்கம் இருந்தா அதத் தனியா பாக்கணும், இங்கிலீஷ்ல திருத்தினது இங்க தானா வராது. அறிவிக்கிற கடமை இங்கயும் உண்டு, உரையாடல் பக்கத்துல எழுதுங்க, ஆள் குறைவுங்கறதால பதில் வரலன்னா ஆலமரத்தடில (தமிழ் விக்கிபீடியாவோட பொது விவாதப் பக்கம்) ஒரு குறிப்பு போடுங்க, அங்க நாலு பேர் பாப்பாங்க.