குழந்தைகளுக்கான கிளாக்கோமா அறுவைப் பிரிவு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

பிறவிக் கிளாக்கோமாவுக்காக (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் நோய்) எங்கள் கைக்குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்த சிறப்புப் பிரிவுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த ஊரில் சிகிச்சை பெறுவோரும் இவற்றையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பாராட்ட வேண்டியது, அறுவைக்கு முன் நடந்த பரிசோதனை. விழித்திருக்கும் குழந்தையின் கண்ணை முழுமையாக அளப்பது கடினம் என்பதால், மயக்க மருந்து கொடுத்து, கண் அழுத்தம், கருவிழியின் விட்டம், கண்ணின் நீளம், பார்வை நரம்பின் குழிவு ஆகிய அனைத்தையும் பதிவு செய்தார்கள். பெரும்பாலான மயக்க மருந்துகள் கண் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிவிடும். ஆகவே மயக்கம் தொடங்கியதுமே அழுத்தத்தை அளந்ததோடு, அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் இல்லை. ஒரு வயதுக்குள் கருவிழியின் விட்டம் 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயப்பட வேண்டுமாம். எவ்வளவு பெரிய, அழகான கண் என்று உறவினர்கள் மெச்சுவது சில வேளைகளில் அழுத்தத்தால் விரிந்த கண்ணைத்தான்.

எந்த அறுவை, ஏன் என்பதை அவசரமின்றி விளக்கினார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தில் சிகிச்சை தொடங்குகிறது. பிறவிக் கிளாக்கோமாவிலோ கண்ணின் நீர் வெளியேறும் வலைத்திசுவே சரியாக உருவாகாததால், அதைத் திறந்துவிடும் அறுவையே முதன்மையான சிகிச்சை, மருந்து அதுவரை அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் துணை மட்டுமே. கருவிழி தெளிவாக இருந்தால் கண்ணுக்குள்ளிருந்து கோனியோட்டமி செய்யலாம். எங்கள் குழந்தைக்கு அது புகை படிந்த கண்ணாடிபோல் மங்கியிருந்ததால், வெளியிலிருந்து செய்யும் டிராபெகுலோட்டமியைத் தேர்ந்தெடுத்தார்கள். இது போதாமல் போனால், நீர் வெளியேறப் புதுவழி அமைக்கும் டிராபெகுலெக்டமியோ அகமது வால்வு போன்ற வடிகுழாயோ தேவைப்படலாம் என்றும், முன்னதில் பல ஆண்டுகள் கழித்தும் தொற்று வரக்கூடும், பின்னதில் கண் வளரும்போது குழாய் இடம் பெயரக்கூடும் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். ஒரே அறுவையோடு எல்லாம் முடிந்துவிடும் என்று யாரும் எங்களைத் தேற்றவில்லை. என் மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்த நேர்மைக்குத்தான்.

இங்கு வளரிளம் பருவத்தினருக்கும் சிகிச்சை உண்டு. அந்த வயதில் கண் விரிவதோ நீர் வடிவதோ பொதுவாக இராது என்பதால் நோய் தாமதமாகவே பிடிபடுகிறது. ஆனால் அறிவுரைத் தாள்கள் அனைத்தும் பெற்றோரை நோக்கியே எழுதப்பட்டுள்ளன. தன் மருந்தைத் தானே போட்டுக்கொள்ளும் வயதினருக்கென்று எதுவும் இல்லை.

குறைகளில் சிறியது, அறுவை வரிசை தள்ளிப்போனதால் குழந்தை தேவைக்கு அதிகமான நேரம் பாலின்றிக் கிடந்தது. பெரிய குறை வேறு. அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகும் கிட்டப்பார்வையாலும் சோம்பேறிக் கண்ணாலும் (ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாத நிலை) பார்வை குன்றக்கூடும்; இருந்தும் கண்ணாடி அளவு பார்ப்பதும், நல்ல கண்ணை மூடி மற்றதைப் பழக்குவதும் வேறொரு பிரிவில், தனி முன்பதிவோடு, தனிக் கோப்பில் நடக்கின்றன. இரண்டு மருத்துவர்களுக்கும் இடையே செய்தி சொல்லும் வேலை பெற்றோருடையதாகிவிடுகிறது. ஒவ்வொரு பரிசோதனையின் அளவுகளையும் நகலெடுத்துக் கையில் வைத்திருங்கள். கேட்டால் தயங்காமல் தருகிறார்கள்.