டெம்பரேச்சர் முள் ஏறவில்லையா: தெர்மோஸ்டாட்டா, சென்சாரா?

படகு எஞ்சினின் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால் பலரும் நேராக தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடி, குளிர்விக்கும் நீரைக் கட்டுப்படுத்தும் வால்வு) மேல் பழியைப் போட்டு, புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடுகிறார்கள். என் சந்தேகம் முதலில் சென்சார் மேலும் அதன் வயர் மேலும்தான் போகும், ஏனென்றால் அதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும், செலவும் இல்லை.

அதற்கு முன்னால், உங்கள் எஞ்சினுக்கு எது இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். கடல்நீரையே நேராக உள்ளே இழுத்துக் குளிரும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கும், சூடு அதைத் தாண்டிப் போனால் உள்ளே உப்பு படிய ஆரம்பிக்கும் என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கூலன்ட் ஓடும் எஞ்சின் என்றால் 70-க்கு மேல். முதல் வகையில் முள் 60-ல் நின்றால் அங்கே கோளாறே இல்லை.

இரண்டு கோளாறுக்கும் முள்ளின் நடத்தை வேறு. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் முள் ஏறும், ஆனால் சோம்பேறித்தனமாக ஏறும். கடல்நீரில் குளிரும் எஞ்சினில் வேகம் கூட்டினால் பம்ப் இன்னும் குளிர்ந்த நீரைத் தள்ளுவதால் பழையபடி இறங்கவும் செய்யும். வயர் கோளாறு என்றால் முள் அடியிலேயே செத்துக் கிடக்கும், இல்லையென்றால் திடீரென்று குதிக்கும்.

ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய வகை கேஜ் (முள் இருக்கும் மீட்டர்) என்றால், சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், சென்சார் வயரைக் கழற்றி எஞ்சின் பிளாக்கில் ஒரு நொடி தொடுங்கள். முள் உச்சிக்குப் போனால் கேஜும் வயரும் நல்லவை, கோளாறு சென்சாரிலோ அதன் எர்த்திலோ. அசையவே இல்லையா, வயரையும் கேஜுக்கு வரும் கரண்டையும் பாருங்கள். சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், ஆகவே துருவோ, மரையில் தாராளமாகச் சுற்றிய டெஃப்லான் டேப்போ இடையில் ரெசிஸ்டன்ஸைக் கூட்டினால் கேஜ் குளிர்ச்சி என்றுதான் காட்டும். இரண்டு இடத்தில் கேஜ் உள்ள படகில் ஒற்றை கேஜுக்கான சென்சாரைப் போட்டாலும் இதே கதைதான்.

இந்தச் சண்டைக்கு நடுவர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். தெர்மோஸ்டாட் மூடியில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள், பளபளக்கும் உலோகத்தில் நேராகப் பிடித்தால் அது குறைத்துச் சொல்லும். கருவியும் முள்ளும் ஒரே குளிர்ச்சியைச் சொன்னால் எஞ்சின் நிஜமாகவே குளிர்ந்துதான் ஓடுகிறது, அப்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாம். பாத்திரத்து நீரில் அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடாக்கினால் எந்த டிகிரியில் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். நீரில் போடும் முன்பே வாய் திறந்திருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

முள் கீழே இருப்பதை நம்பி நிம்மதியாக ஓட்டக் கூடாத ஒரு நிலைமை இருக்கிறது. கூலன்ட் குறைந்து சென்சாரின் முனை காற்றில் தொங்கினால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கேஜ் குளிர்ச்சி காட்டும். அதனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் வேலை.

அப்புறம், அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு: சில மாடல்களில் அதிக வேகத்தில் திறக்கும் பிரஷர் வால்வு. அதில் மண்துகள் சிக்கித் திறந்தே நின்றால் புது தெர்மோஸ்டாட் போட்டாலும் எஞ்சின் சூடேறாது. கழற்றும்போது புது கேஸ்கெட் கையில் இருக்கட்டும், பழையது பெரும்பாலும் கிழிந்துதான் வரும்.