குயில்ட் பைண்டிங்: மெஷின் தையலா, கைத்தையலா?

குயில்ட் என்கிற அடுக்குத் துணிப் போர்வையின் ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கிற துணிப் பட்டிதான் பைண்டிங். அடிக்கடி வாஷிங் மெஷினுக்குள் போகிற குயில்ட் என்றால் பட்டியின் இரண்டு பக்கமும் மெஷின் தையல்தான். பரிசாகக் கொடுப்பது, சுவரில் மாட்டுவது, அம்மாவின் பழைய புடவையில் தைத்தது என்றால் கை. புதிதாக இருக்கும்போது இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும், சில வருடம் அடிபட்ட பிறகுதான் எது எங்கே போகிறது என்று தெரியும்.

மும்பையில் ரஜாய் மாதிரி கனமான பஞ்சுப் போர்வைக்கு வேலையே இல்லை. செம்பூர் வீட்டில் ஏசிக்கு மெல்லிய காட்டன் குயில்டுகள்தான், துணி மங்கள்தாஸ் மார்க்கெட்டில் வாங்குவது. பைண்டிங்குக்கு 2.5 அங்குல அகலப் பட்டிகளாக வெட்டி, சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்துகொள்கிறேன். 60க்கு 90 அங்குல குயில்ட் என்றால் சுற்றளவு 300 அங்குலம், முனைகளைச் சேர்க்க இன்னும் 12. 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) எட்டுப் பட்டி, 60 சென்டிமீட்டர் துணி தாராளம். சிவப்பு, கருநீலம் என்றால் முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், சாயம் போனால் மொத்த வேலையும் பாழ்.

கைத்தையல் என்றாலும் முதல் பக்கம் மெஷின்தான். முன்பக்கம் கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்து, பட்டியைப் பின்னால் மடித்து ஹெம்மிங் போட வேண்டும். தையலே கண்ணில் படாது, அந்த அழகு மெஷினில் வராது. ஆனால் பெரிய குயில்ட் என்றால் எத்தனையோ மாலைகள் அதற்கே போகும், மே மாதத்தில் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

தேய்மானத்துக்கு வருவோம். கையால் தைத்ததில் முதலில் அறுவது நூல், அதுவும் பெரும்பாலும் தலைமாட்டுப் பக்கம், தூக்கத்தில் இழுத்துப் போர்த்துகிற இடத்தில். துணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, டிவி பார்த்துக்கொண்டே அந்த இடத்தை மட்டும் தைத்துவிடலாம், சரிசெய்ததே தெரியாது. மெஷினில் தைத்ததில் நூல் கல்லு மாதிரி அப்படியே இருக்கும், பட்டியின் வெளி மடிப்புதான் தேய்ந்து பிசிறு பிசிறாக வரும். அப்போது பட்டியையே மாற்ற வேண்டும், பொடித் தையலாகப் போட்டிருந்தால் பிரிப்பதற்குள் கண் போய்விடும். அதனால் பட்டியை மடித்த பிறகு போடும் மேல்தையலுக்கு மட்டும் தையல் நீளத்தை 3 மில்லிமீட்டரில் வைக்கிறேன்.

மடிப்பு சீக்கிரம் தேயாமல் இருக்க, தினசரி உபயோகத்துக்குப் பட்டியை கிராஸ் பீஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டுவது நல்லது. நேர் இழையில் வெட்டினால் மடிப்பின் மேல் ஓரிரு இழைகளே ஓரம் முழுக்க ஓடும், அவை போனால் அந்தப் பக்கமே போச்சு. 45 டிகிரி சாய்வில் வெட்டினால் இழைகள் மடிப்பைக் குறுக்கே கடக்கும், தேய்மானமும் பரவிவிடும். துணி கூடப் பிடிக்கும், தைக்கும்போது கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான். (பக்கத்து வீட்டு ஆஜிக்கு, அதாவது மராத்திப் பாட்டிக்கு, இந்த வம்பே இல்லை. அவர் தைக்கிற கோதடி என்கிற பழந்துணிப் போர்வையில் தனிப் பட்டி கிடையாது, பழைய புடவை ஓரத்தையே உள்ளே மடித்து ஓட்டுத் தையல் போட்டுவிடுவார்.)

முழுக்க மெஷின் என்றால் பட்டியை முதலில் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் மடித்து, மடிப்பின் விளிம்பை ஒட்டித் தையுங்கள். மாற்றிச் செய்தால் அடியில் மடிப்பு தையலில் மாட்டியதா, நழுவியதா என்று தைக்கும்போது தெரியாது. மேல் துணியையும் கீழ்த் துணியோடு சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் மெஷினில் இருந்தால் மேல் துணி தள்ளிப்போய்ச் சுருக்கம் விழாது, வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை.

மூலையில் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேலே சாய்த்து மடித்து, திரும்பக் கீழே இறக்கித் தைப்போம் இல்லையா, அந்த மடிப்பின் வாயை மட்டும் எப்போதும் கையால்தான் மூடுகிறேன். "என்னக்கா, நாலு மூலைக்கு ஊசியைத் தூக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்று தாராவியில் எனக்கு மெஷின் சர்வீஸ் செய்து தரும் திருநெல்வேலி அண்ணன் சிரிப்பார். சிரிக்கட்டும், அந்த வாய் திறந்திருந்தால் குழந்தையின் விரல் அதற்குள்தான் போகும்.

இன்னொன்று, மழைக்காலத்தில் கடைசியாகக் காய்வது இந்த ஓரம்தான். நடுவில் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், ஓரத்தில் ஈர வாடை தங்கிவிடும்.