தமூர் ஆற்றில் கயாக் பயணம்: சேவை எப்படி இருந்தது?

போன நவம்பரில் கிழக்கு நேபாளத்தின் தமூர் ஆற்றுக்கு, காத்மாண்டுவில் இருந்து இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தோடு போய் வந்தேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். நான் பாசனப் பொறியாளர். கயாக், அதாவது ஒருவர் அமர்ந்து துடுப்பால் ஓட்டும் சிறு படகு, பழகியது ரிஷிகேஷில், கங்கையில்.

வசந்தபூரில் சாலையை விட்டு மூன்று நாள் மலைமுகட்டில் நடை. குஃபா போகரியைத் தாண்டி தோபானில் இறங்கினால் தமூர். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள கயாக்குகளைச் சுமைதூக்கிகள் நெற்றிப்பட்டையில் தாங்கி வந்தார்கள். அந்தப் பட்டைக்கு நாம்லோ என்று பெயர். அவர்கள் எல்லோருக்கும் நல்ல காலணியும் காப்பீடும் உண்டா என்று முன்பே கேட்டேன். உண்டு என்றார்கள்; காலணியை என் கண்ணாலேயே பார்த்தேன்.

தமூருக்குள் இறங்கும் முன், அதில் வந்து சேரும் ஒரு கிளையாற்றில் இரண்டு நாள் திட்டம். அதில் யாரும் படகு விட்டதாக எங்கள் தலைவருக்குத் தெரியவில்லை. குழுவில் எல்லோரும் அவரை ‘தாஜு’ என்றே அழைத்தார்கள், அண்ணன் என்று பொருள். கொடுத்த காசு இந்த மனிதருக்காகவே தகும்.

கண்ணுக்குத் தெரியாத வளைவு எதிலும் அவர் படகோடு நுழையவில்லை. ஒவ்வொரு முறையும் கரையேறி, பாறைமேல் நின்று பார்த்துவிட்டு வந்து, மணலில் கூழாங்கற்களை அடுக்கி எங்கே திரும்ப வேண்டும் என்று காட்டினார். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பகல் முழுவதும் போயிற்று. ஓர் அருவியில் எனக்கு வழி தெளிவாகத் தெரிந்தது: இடப்பக்க நாக்கில், அதாவது பாறைகளுக்கு நடுவே வழுவழுப்பாக இறங்கும் நீரோட்டத்தில், இறங்கினால் கீழே அகன்ற குளம். இறங்கலாம் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கை நீளக் காய்ந்த கட்டை ஒன்றை அந்த நாக்கில் எறிந்தார். அது பாறையடியில் போய் மறைந்தது. நாற்பது வரை எண்ணினேன், வெளியே வரவேயில்லை. அடியில் நீர் புகும் இடுக்கு இருந்திருக்கிறது. தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. “சுமந்து போவோம், சார்” என்றார். கயிறு கட்டி, பாறைகள்மேல் படகுகளைக் கடத்த ஒன்றரை மணி நேரமானது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மாலையில் நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவிடுவார். பகலில் உருகிய பனிநீர் இருட்டிய பிறகுதான் எங்களை வந்தடையும். ஒரு விடியலில் மட்டம் நான்கு விரல் ஏறியிருந்தது. அது வடியும்வரை கிளம்பவில்லை. நீரளவைக்காகவே சம்பளம் வாங்குகிற எனக்கு அந்தக் குச்சிமேல் தனி மரியாதை.

மீட்பிலும் அதே கண்டிப்பு. முதலில் கரையிலிருந்து கயிறு வீசுவது. நீரில் குதிப்பது கடைசி வழி. 1976-இல் எவரெஸ்ட் பக்கத்து தூத்கோசியில் கயாக் ஓட்டிய மைக் ஜோன்ஸ், 1978-இல் பாகிஸ்தானின் பிரால்டு ஆற்றில் தோழருக்கு உதவப் போய் உயிரிழந்ததை இந்த இடத்தில் சொன்னார்.

இனி குறை. எனக்குக் கொடுத்த படகின் கால்தாங்கித் தகட்டில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. காத்மாண்டுவிலேயே சொன்னேன், சரிசெய்துவிடுவோம் என்றார்கள். தோபானில் பிரித்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. மாற்றுத் திருகாணியும் எடுத்து வரவில்லை. செங்குத்தான இறக்கத்தில் படகின் மூக்கு பாறையில் மோதும்போது உடலின் முழு எடையும் அந்தத் தகட்டில்தான் விழும். அது நழுவினால் கால் முன்பக்கம் சிக்கிக்கொள்ளும். படுக்கைப் பாயிலிருந்து நுரைத் துண்டை வெட்டி அடைத்து ஓட்டினேன். ஆற்றில் அத்தனை கவனமாக இருப்பவர்களின் கிடங்கில் இந்த அலட்சியம் மன்னிக்கக்கூடியதல்ல. அலுவலகத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டேன்.

சாப்பாடு தினமும் சோறும் பருப்பும் குந்த்ருக் என்னும் புளிக்கவைத்து உலர்த்திய கீரையும். சூடாக, வயிறு நிறைய. கட்டணத்தில் ஹெலிகாப்டர் மீட்புக் காப்பீடு கிடையாது. ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

தமூரும் அருணும் சுன்கோசியும் கூடும் திரிவேணியைத் தாண்டி சத்தராவில் கரையேறினோம். அடுத்த நவம்பருக்கும் தாஜுவின் குழுவிலேயே இடம் கேட்டிருக்கிறேன். படகை மட்டும் காத்மாண்டுவிலேயே நானே பிரித்துப் பார்த்துத்தான் ஏற்றுவேன்.