முதல் பதினாலு நாள் கணக்கு: நெல்லையிலிருந்து ஜெர்மனி இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

என் சித்தி மகனுக்கு ஷ்டுட்கார்ட்டில் ஓராண்டு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பெருமாள்புரம் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாயை விரித்து, ரெண்டு பெட்டியைத் திறந்து போட்டு, சுற்றிலும் சாமானைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு யோசனை. சித்தப்பா சென்னையில் ஏறச் சொல்கிறார். மாமா திருவனந்தபுரம்தான் பக்கம் என்கிறார். சித்தி பத்து கிலோ பொன்னி அரிசியைத் தனியாகவே கட்டி வைத்துவிட்டாள். ஆச்சி மட்டும்தான் உருப்படியாக ஒன்று கேட்டாள்: "ஏல, போய் எறங்குன அன்னைக்கு ராத்திரி எங்கல படுப்ப?"

அவனிடம் பதில் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி போனவள்தான். அப்போது எல்லாவற்றையும் பன்னிரண்டு மாதக் கணக்கில் போட்டுப் பார்த்து, எது மலிவோ அதை எடுத்தேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, பார்க்க வேண்டியது முதல் பதினாலு நாள் கணக்கு என்று. ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடிபுகுந்தால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அந்தச் சான்றைக் கேட்காமல் பெரும்பாலான வங்கிகள் கணக்குத் திறக்காது. வரி எண்ணும் அந்தப் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும். கணக்கு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி எங்கே மாட்டுகிறது என்பதை வைத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

அறை: மலிவா, காகிதமா?

வழிகள் மூன்று. கம்பெனியே ஏற்பாடு செய்து தரும் அறை ஒன்று. மூன்று நாலு பேர் சேர்ந்து இருக்கும் 'வே-கே' என்ற பகிர்வு வீட்டில் ஓர் அறை இன்னொன்று. இணையத்தில் பிடிக்கும் குறுகிய கால வாடகை மூன்றாவது. மாணவர் விடுதியைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் அதில் முன்னுரிமை, வெறும் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கிடைப்பது அரிது.

குறுகிய கால வாடகை உடனே கிடைக்கும், போட்டோவில் பளிச்சென்று இருக்கும். வே-கே அறை பிடிக்க இருபது முப்பது பேருக்கு எழுத வேண்டும், வீடியோவில் முகம் காட்டி நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வாடகையையோ போட்டோவையோ பார்க்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுப் படிவம் தருவாரா? அந்தப் படிவத்தின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். அதை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

நான் எடுத்தது மாதம் 90 யூரோ மலிவான உள்வாடகை அறை. ஆளும் நல்ல ஆள்தான், வந்த அன்றைக்குக் காபி போட்டுக் கொடுத்தான். படிவம் கேட்டபோது மட்டும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான், தர முடியாது என்று. உண்மையான வீட்டுக்காரருக்கு நான் அங்கே இருப்பதே தெரியாதாம். வேறு அறை பார்த்து மாறும்போது பத்தொன்பதாவது நாள். ஒரே மாதத்தில் ரெண்டு வாடகை கொடுத்தேன், முதல் சம்பளம் இரண்டாவது மாதத்தோடு சேர்ந்து வந்தது. 90 யூரோ மிச்சம் பிடித்த கதை இப்படி முடிந்தது.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ளது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கிறது? சிலருக்கு அது காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் இருக்கும். காலியாக விட்டவர்களுக்கு அங்கே ஒவ்வொரு இணையப் படிவமும் ஒரு சண்டை, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அப்பா பெயர் உள்ளவர்களுக்குச் சண்டை கிடையாது, ஆனால் வருஷம் முழுக்க அப்பா பெயரைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். எதுவானாலும் தபால் பெட்டியில் ஒட்டும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். அங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார். நான் என் பெயரை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். வரி எண் கடிதம் திரும்பிப் போய்விட்டது. அப்புறம் அப்பா பெயரை அச்சடித்து ஒட்டினேன். நாகர்கோவிலைத் தாண்டிப் போகாத மனுஷன் பெயர், ஜெர்மனியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பதினோரு மாதம் இருந்தது.

என் தீர்ப்பு: கம்பெனி அறை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதுதான். இல்லையென்றால் வே-கே. குறுகிய கால வாடகையை, படிவம் தருவதாக எழுத்தில் சொன்னால் மட்டும் தொடலாம். நகர அலுவலக நேரத்தையும் இங்கிருந்தே இணையத்தில் பிடித்துவிட வேண்டும்.

பணம்: ரொக்கமா, ஃபாரெக்ஸ் கார்டா, வங்கி கார்டா?

நம் வங்கியின் டெபிட் கார்டு செலவில்லாத வழி போலத் தெரியும். வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை பிடிக்கும், அதன் மேல் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய்க்கு 3,500-ம் அதற்கு 18 சதவீதமாக 630-ம் சேர்த்து 4,130 ரூபாய் போய்விடும். போதாக்குறைக்கு 2020 முதல் புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும், நாமாக ஆப்பில் திறந்துவிட வேண்டும். திறக்காமல் போய் இறங்கினால் அந்த நேரம் ஓடிபிக்கு நம் சிம் வேலை செய்ய வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அறுகிறது.

ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவாகவே ஏற்றிக்கொண்டால், அன்றைய விலை அன்றோடு நின்றுவிடும். தேய்க்கும்போது மாற்றுக் கட்டணம் கிடையாது, யூரோ அல்லாத நாட்டுக்குப் போனால்தான் உண்டு. அன்றாடச் செலவுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் இதை வைத்து ஒரு வேலை மட்டும் ஆகாது, அதை விற்கிறவர்கள் யாரும் சொல்லவும் மாட்டார்கள். அட்வான்ஸ் கட்ட முடியாது. வீட்டுக்காரர் கேட்பது வங்கியிலிருந்து வங்கிக்கு மாற்றும் பணம். சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை அட்வான்ஸ் கேட்கலாம், அது சில்லறைத் தொகை இல்லை. கார்டில் பணம் இருக்கும், அனுப்ப வழி இருக்காது. எனவே அதை இங்கிருந்து அப்பாவின் கணக்கிலிருந்து அனுப்பும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவைக் கிளைக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவம் என்றால் என்ன, என்னென்ன நகல் கேட்பார்கள் என்று பார்த்துவிட்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ரொக்கம் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டு போகலாம். அவ்வளவு தேவையில்லை. 500 யூரோ போதும், அதுவும் 10, 20, 50 நோட்டுகளாக. அங்கே சின்னக் கடைகளில் இன்னமும் ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். ரொட்டிக் கடையில் 100 யூரோ நோட்டை நீட்டினால் உங்களை ஒரு தடவையும் நோட்டை ஒரு தடவையும் பார்ப்பார்கள்.

ஆக மூன்றும் வேண்டும், ஒரே அளவில் வேண்டாம். ரெண்டு மாதச் செலவு ஃபாரெக்ஸ் கார்டில், கொஞ்சம் ரொக்கம், வங்கி கார்டு பெட்டிக்குள் ஆபத்துக்கு.

ஏறும் இடம்: திருவனந்தபுரம், சென்னை, மதுரை, வாகைக்குளம்

மாமா சொல்வது சரிதான். நாங்குநேரி, வள்ளியூர், நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் 150 கிலோமீட்டர் சொச்சம். வீட்டாரெல்லாம் ஒரு வண்டியில் வந்து வழியனுப்பலாம். வளைகுடா வழியாக ஒரு மாற்றத்தில் ஐரோப்பா போகலாம். மதுரையும் ஏறக்குறைய அதே தூரம்தான், ஆனால் அங்கிருந்து போகும் வெளிநாட்டு ஊர்கள் கொஞ்சம், ஜெர்மனிக்கு அது சுற்று.

சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேராகப் போகிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறித் தாம்பரத்தில் இறங்கினால், மின்சார ரயிலில் திரிசூலம். எதிரே விமான நிலையம்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஏறிச் சென்னையில் மாறலாம் என்று ஒரு யோசனை எல்லா வீட்டிலும் வரும். தனி டிக்கெட்டாக எடுத்தால் அதில் ஒரு பொறி உண்டு. உள்நாட்டு விமானத்தில் பொதுவாகப் பெட்டிக்கு 15 கிலோதான். கையில் இருப்பதோ அதற்கு இரண்டு மடங்கு.

எடைக் கணக்கிலும் வித்தியாசம் இருக்கிறது. லுஃப்தான்சாவில் பெட்டிக் கணக்கு: ஒரு பெட்டிக்கு 23 கிலோ, ஒன்றில் 25-ம் இன்னொன்றில் 21-ம் என்று சரிக்கட்ட முடியாது. வளைகுடா விமானங்களில் பெரும்பாலும் மொத்த எடை. டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள்.

ஆனால் நான் இந்த நாலையும் தூரத்தையோ விலையையோ வைத்துத் தேர்ந்தெடுக்க மாட்டேன், இறங்கும் கிழமையை வைத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை கிடையாது, நகர அலுவலகம் கிடையாது, வீட்டுச் சாவி தருகிறவரும் போனை எடுக்க மாட்டார். செவ்வாய் அல்லது புதன் காலையில் இறங்கும் டிக்கெட் 5,000 ரூபாய் கூடுதல் என்றாலும் எடுக்கலாம். இவனுக்கு அப்படிப் பார்த்ததில் சென்னைதான் அமைந்தது. மாமாவுக்கு வருத்தம்.

சாப்பாடு: சித்தியோடு சண்டை

பத்து கிலோ அரிசி வேண்டாம் என்றேன். "அங்க அரிசி கிடைக்காமத்தான் ஒல்லியா வந்து நின்ன" என்றாள் சித்தி. உண்மை என்னவென்றால், ஜெர்மனியின் பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. சிவப்பரிசி, சம்பா, முருங்கைக்காய் எல்லாம் உண்டு. ஊர்ப் பேச்சுக்கு ஏங்கிப்போய் அங்கே உளுந்து வாங்கப் போகிற சாக்கில் அரை மணி நேரம் கதைத்துவிட்டு வருவேன்.

கொண்டு போக வேண்டியது அங்கே கிடைக்காத கைப்பக்குவம்தான்: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மிதுக்க வத்தல், உடன்குடிக் கருப்பட்டி. கொண்டு போகக் கூடாதது வேறு பட்டியல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டு வரக் கூடாது. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் இதில் அடக்கம். கருவாட்டுக்குத் தடை இல்லை, மீனை 20 கிலோ வரை விடுகிறார்கள். ஆனால் வே-கே வீட்டில் கருவாடு வறுத்தால் படிவம் தந்த வீட்டுக்காரரே அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதைக் காயவைத்துப் பொடியாக்கிக்கொள்வது நல்லது. தேங்காயை ஐரோப்பா தடுப்பதில்லை, கொப்பரையை விமானம் ஏற்றாது, தீப்பிடிக்கும் பொருளாம். அல்வா? அதில் உள்ள நெய்யைப் பற்றிச் சுங்கக்காரரோடு வாதாடும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது, அதனால் கொண்டு போகவில்லை.

பொடியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். கட்டும் முறையை அம்மாவிடம் கற்றேன். தடித்த பிளாஸ்டிக் பையின் வாயை ரெண்டு ஹேக்ஸா பிளேடுக்கு நடுவே பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் ஓட்டை, வேகமாக ஓட்டினால் ஒட்டாது. நாலு பையை வீணாக்கிய பிறகு இவனுக்கும் கை வந்துவிட்டது.

நம் மிக்ஸி அங்கே ஓடும், அங்கேயும் 230 வோல்ட்தான். மூன்று முனை பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். ஜப்பானுக்குப் போகிறவர்கள் அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும், அங்கே 100 வோல்ட். அலுமினியக் குக்கர் வேண்டவே வேண்டாம். பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு, அதில் அலுமினியம் சூடேறாது.

மீதி

சிம்: ஊர் நம்பரை ஓடிபிக்காக உயிரோடு வையுங்கள், டேட்டாவுக்கு மட்டும் இ-சிம். ஜெர்மன் பிரீபெய்டு சிம்முக்கு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம், அதை நிதானமாகச் செய்துகொள்ளலாம். பவர் பேங்க் 100 வாட்-அவருக்குள், கைப்பையில் மட்டும். குளிர் ஜாக்கெட்டை இங்கே தேடாதீர்கள். நம் வெயிலில் போட்டுப் பார்த்து அளவு சரியா என்று யாராலும் சொல்ல முடியாது. பல், கண்ணாடி இரண்டையும் இங்கேயே முடித்துவிடுங்கள். பயணக் காப்பீடு பல்லுக்குப் பெரும்பாலும் அவசர வலிக்கு மட்டும்தான் தரும், கண்ணாடிக்குத் தரவே தராது. பாளையங்கோட்டையில் ரெண்டு ஜோடி செய்துகொண்டு போனால் ஒன்று உடைந்தாலும் கவலை இல்லை.

அன்று ராத்திரியே வே-கே வீட்டுக்காரர்கள் ரெண்டு பேருக்குப் படிவம் பற்றி எழுத வைத்தேன். நேற்றுப் பதில் வந்தது. ஒருவர் தர மாட்டாராம். இன்னொருவர் தருவாராம், ஆனால் வாடகை 70 யூரோ கூடுதல். சித்தப்பா 70-ஐப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆச்சி தினமும் அதே கேள்வியைக் கேட்கிறாள்.